பனிக்கட்டி அளந்து கொடுத்த தண்ணீர்: உறைமண் எரிமலைகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அலாஸ்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் டெவில் மவுண்டன் ஏரியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். எட்டு கிலோமீட்டர் நீளமும் ஆறு கிலோமீட்டர் அகலமும் உள்ள அந்த ஏரி, உறைந்த மண்ணுக்குள் எரிமலை வெடித்ததால் உண்டான பள்ளம், அந்த வகையில் உலகிலேயே மிகப் பெரியது என்று. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்களா! அதனால் கனிமக் கேள்விகள், கிணற்றுக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்குப் போகின்றன. இந்த மாதம் முழுக்க உறைமண்தான். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

டீச்சர், உறைமண் என்றால் பனி மூடிய நிலம்தானே? பனிப்பாறைக்கு அடியில் வெடிக்கும் எரிமலையும் இதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு. பனிப்பாறை மண்ணுக்கு மேலே கிடக்கிறது. உறைமண்ணில் பனிக்கட்டி மண்ணுக்கு உள்ளேயே இருக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரியைத் தாண்டாத நிலத்தை உறைமண் என்கிறோம். பெர்மாஃப்ராஸ்ட் என்ற பெயரில் நீங்கள் படித்திருப்பீர்கள். மேலே நின்று பார்த்தால் பனியே கண்ணில் படாமல் இருக்கலாம். கோடையில் மேல்மண் கொஞ்சம் இளகி, புல்லும் பாசியும் பூவுமாக இருக்கும். அதற்குக் கீழே மண்வெட்டி இறங்காது.

மணல் துகள்களுக்கு நடுவில் பனிக்கட்டி இருக்கும். சில இடங்களில் ஆப்பு அடித்தாற்போல் சுத்தப் பனிக்கட்டியே பல மீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்மண் படிவுகளில் கன அளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாக இருப்பதும் உண்டு. டெவில் மவுண்டன் இருக்கும் சுவர்ட் தீபகற்பத்தில் உறைமண்ணின் தடிமன் சுமார் 100 மீட்டர். சைபீரியாவின் யக்கூத்தியாவில் சில இடங்களில் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

பனிப்பாறைக்கு அடியில் வெடிக்கும்போது உருகிய தண்ணீர் தேங்கி, பிறகு ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வெள்ளமாகப் பாயும். ஐஸ்லாந்தில் இது அடிக்கடி நடக்கிறது. உறைமண் எரிமலையின் கதை வேறு.

எரிமலை என்றால் மலை இருக்க வேண்டாமா? வெறும் பள்ளம் எப்படி எரிமலை ஆகும்?

மாக்மா, அதாவது பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு, வெளியே வந்து குவிந்தால் மலை. வருவதற்கு முன்பே தண்ணீரைச் சந்தித்து மண்ணுக்குள் வெடித்தால் பள்ளம். இந்தப் பள்ளத்துக்கு மார் என்று பெயர். உலகில் கூம்பு எரிமலைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் நில எரிமலை வகைகளில் இதுவும் ஒன்று. பார்த்தால் சாது ஏரிபோல இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

நடப்பது இது. ஆழத்திலிருந்து பசால்ட் மாக்மா ஒரு விரிசல் வழியாக மேலே வருகிறது. குழாய் மாதிரி வருவதாகப் படம் போடுவார்கள். உண்மையில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் தடிமன் உள்ள செங்குத்தான தகடு. வெப்பம் 1,100 முதல் 1,200 டிகிரி. ஈரமான மண்ணைத் தொட்டதும் தண்ணீர் நீராவியாகிறது. சாதாரண காற்றழுத்தத்தில் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மண்ணுக்குள் அந்த இடம் ஏது? அழுத்தம் ஏறி, சுற்றியுள்ள பாறையை நொறுக்கித் தூக்கி எறிகிறது. எறியப்பட்டது சுற்றிலும் விழுந்து ஒரு தாழ்வான வளையமாகிறது. பள்ளத்தின் அடி, பழைய தரைமட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது.

வளையத்தில் கிடப்பதை அள்ளிப் பார்த்தால் பெரும்பகுதி மாக்மாவே இல்லை. அந்த இடத்துப் பழைய பாறையும் மண்ணும்தான். ஒரு பள்ளம் மாரா இல்லையா என்று பார்க்க, முதலில் நான் அந்த வளையத்தைத்தான் தோண்டச் சொல்வேன்.

பள்ளத்துக்குக் கீழே உடைந்த பாறைகள் நிரம்பிய ஒரு புனல் ஆழமாக இறங்கும். அதை டயட்ரீம் என்பார்கள். வெடிப்பு மேலிருந்து தொடங்கி, தண்ணீர் தீரத் தீரக் கீழே இறங்குகிறது என்பது ஜெர்மானிய அறிஞர் ஃபோல்கர் லோரென்ஸ் முன்வைத்த விளக்கம். பல காலம் பாடப் புத்தகங்கள் இதைத்தான் சொல்லின. 2012-இல் வாலன்டைன், வைட் என்ற இருவர் அதைத் திருத்தினார்கள். வெடிப்புகள் பல ஆழங்களில் நடக்கின்றன. மேலோட்டமாக நடப்பவை மட்டுமே வெளியே தூக்கி எறிகின்றன. ஆழத்தில் நடப்பவை உள்ளேயே கலக்கிப் புரட்டி, கீழ்ப்பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே அனுப்புகின்றன என்று. எனக்கு இந்தப் படம்தான் சரியாகப் படுகிறது. வளையத்தில் ஆழத்துப் பாறையும் மேல்மண்ணும் ஒரே அடுக்கில் கலந்து கிடப்பதற்கு வேறு எளிய காரணம் இல்லை.

பனிக்கட்டியை உருக்கவே ஏகப்பட்ட வெப்பம் செலவாகும். அப்படியானால் உறைமண்ணில் வெடிப்பு பலவீனமாகத்தானே இருக்க வேண்டும்? உலகிலேயே பெரிய பள்ளம் அங்கே எப்படி?

வகுப்பில் நானே வேண்டுமென்று கேட்கிற கேள்வி இது. பாதி வகுப்பு ‘பலவீனமாகத்தான் இருக்கும்’ என்று கை தூக்கும். கை தூக்கியவர்கள் சோம்பேறிகள் இல்லை, இயற்பியலைச் சரியாக நினைவு வைத்திருப்பவர்கள். ஆனால் கணக்கைக் கடைசி வரை போட வேண்டும்.

பூஜ்ஜியம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல். அந்தத் தண்ணீரை 100 டிகிரிக்கு ஏற்ற 420-க்குக் கொஞ்சம் குறைவு. ஆவியாக்க 2,257. மொத்தம் மூவாயிரம் சொச்சம். இதில் உருக்கும் செலவு ஒன்பதில் ஒரு பங்குதான். வெப்பத்தை உண்மையில் தின்பது ஆவியாதல். அதற்குத் தண்ணீராக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் ஒரே விலை. எனவே ‘பனிக்கட்டி வெப்பத்தைத் தின்றுவிடும்’ என்ற வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

பெரிய விஷயம் வேறு: தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது. 1980களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக்மாவுக்குப் பதிலாக தெர்மைட் என்ற உலோகத் தூள் கலவையை எரித்து உருக்கி, தண்ணீரோடு சேர்த்து வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால் லேசாகப் பொங்கித் தெறிக்கும். மிக அதிகமாக இருந்தால் தண்ணீரே உருகிய பொருளைக் குளிர வைத்து அடக்கிவிடும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. எடைக்கு எடை, உருகிய பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அங்கேதான் வெப்பம் மிகத் திறமையாக வெடிவிசையாக மாறுகிறது.

தண்ணீர் ஏராளமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆழ்கடல் தரையைப் பாருங்கள். அங்கே லாவா, அதாவது வெளியே வந்த மாக்மா, தலையணை தலையணையாகச் சத்தமில்லாமல் உருண்டு உறைகிறது. தண்ணீருக்குக் குறைவில்லை, வெடிப்பும் இல்லை. மேலே இருக்கும் நீரின் அழுத்தமும் அதற்கு ஒரு காரணம். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே தீவு இன்னொரு பாடம். கடல்நீர் எரிமலை வாய்க்குள் புகுந்துகொண்டிருந்தவரை ஈரச் சாம்பல் கருப்புக் கருப்பாகப் பீறிட்டது. 1964 ஏப்ரலில் கடல் வாயை எட்ட முடியாமல் போனதும் லாவா அமைதியாக ஓட ஆரம்பித்துவிட்டது.

இப்போது உறைமண்ணுக்கு வாருங்கள். நிலத்தடி நீர் என்றால் மண்ணின் துளைகள் வழியாக ஓடிவரும். ஓடிவந்து வாயை மூழ்கடிக்கலாம், அல்லது தீர்ந்தும் போகலாம். உறைமண்ணில் துளைகள் அடைபட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து தண்ணீர் ஓடிவர வழியில்லை. மாக்மா எவ்வளவு உருக்குகிறதோ அவ்வளவுதான் கையில் கிடைக்கும். அதே சமயம் சுற்றிலும் கட்டி கட்டியாகச் சரக்கு இருக்கிறது, தீராது. அளந்து அளந்து, ஆனால் நிறுத்தாமல் ஊற்றுகிற கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பெஜே, டேவிட் ஹாப்கின்ஸ் குழுவினர் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: பனிக்கட்டி தண்ணீர் வரவைக் கட்டுப்படுத்தி, தண்ணீருக்கும் மாக்மாவுக்கும் உள்ள விகிதத்தைக் கடைசிவரை குறைவாகவே வைத்திருந்தது. அதனால் ஒவ்வொரு வெடிப்பும் பலமாக விழுந்தது.

நாலு பள்ளங்களை வைத்துச் சொன்ன வாதம், உண்மை. ஆனால் உலகின் மிகப் பெரிய மார்கள் நான்கும் ஒரே தீபகற்பத்தில், அதுவும் உறைமண்ணில் இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் பட்டதும் வெடித்துவிடுமா? நடுவில் எதுவும் இல்லையா?

இருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்புத் தகட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்திருப்பீர்கள். துளி உடனே ஆவியாகாது. தனக்கு அடியில் ஒரு மெல்லிய ஆவிப்படலத்தைப் போட்டுக்கொண்டு உருண்டு ஓடும். மாக்மாவும் தண்ணீரும் சந்திக்கும்போதும் முதலில் இந்தப் படலம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. எங்கேயோ ஓர் அதிர்ச்சி, படலம் ஓர் இடத்தில் சரிகிறது. தண்ணீர் நேராக மாக்மாவைத் தொடுகிறது. தொட்ட இடம் சில்லாகச் சிதறுகிறது. சிதறினால் பரப்பு கூடுகிறது, பரப்பு கூடினால் இன்னும் தண்ணீர் சூடாகிறது, அந்த அதிர்ச்சி பக்கத்துப் படலத்தை உடைக்கிறது. இவ்வளவும் மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். உலோக வார்ப்பட ஆலைகளில் உருகிய இரும்பு ஈரத் தரையில் சிந்தினால் நடக்கும் விபத்தும் இதே ரகம்.

ஒரு கணக்குச் சந்தேகம். மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மாக்மா பக்கத்தில் வந்து நின்றாலும் பனிக்கட்டி உருக வருஷக் கணக்கில் ஆகாதா?

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் சமன்பாடு வேறு எழுதியிருந்தார் இந்த வாசகர்.

அவர் சொல்வது சரி. பாறைக்குள் வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் ஊடுருவும். ஒரு நாளில் ஓர் அடி. ஒரு மாதம் காத்திருந்தாலும் ஒன்றரை மீட்டர் சொச்சம். உருக்க வேண்டிய பனிக்கட்டியும் இருந்தால் வேகம் இன்னும் குறையும். வெறும் வெப்பக் கடத்தலை நம்பியிருந்தால் டெவில் மவுண்டன் ஏரி பிறந்திருக்கவே முடியாது.

வழி திறப்பது வெடிப்பேதான். முதல் வெடிப்புக்கு விரிசலை ஒட்டி உருகிய கொஞ்சம் தண்ணீரே போதும். அது உறைந்த மண்ணை நொறுக்கி, பனிக்கட்டி பொதிந்த கட்டிகளாக மாக்மாவுக்குள் தள்ளுகிறது. கடத்தல் என்ற நத்தை வேகம் இனி தேவையில்லை. கைப்பிடி அளவு கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1,100 டிகிரி என்றால் எத்தனை நேரம் தாங்கும்? அது உருகி வெடிக்க, சுவரிலிருந்து அடுத்த கட்டிகள் உடைந்து விழுகின்றன. உறைமண் பாறைபோல இறுகியிருப்பது இங்கே வசதியாகிறது. உலர்ந்த மணல் சரிந்து வாயை அடைத்துவிடும். இறுகிய மண் துண்டு துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டும் தன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு வரும்.

எட்டு கிலோமீட்டரும் ஒரே வெடியிலா?

இல்லவே இல்லை. ஒரு மார் உருவாகப் பல நூறு வெடிப்புகள் ஆகலாம். வாய் இடம் மாறும். வெப்பத்தில் இளகிய சுவர் உள்ளே சரிந்து பள்ளத்தை அகலப்படுத்தும். டெவில் மவுண்டன் ஏரி வட்டமாக இல்லாமல் நீண்டிருப்பதை, வெடிப்பு மையம் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆனாலும் அளவு அளவுதான். உலகின் பெரும்பாலான மார்கள் சில நூறு மீட்டரிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். மார்களுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஐஃபல் பகுதியிலேயே மிகப் பெரியதான மேர்ஃபெல்டர் மார் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குள்தான். சுவர்ட் தீபகற்பத்து நான்கும், அதாவது ஒயிட்ஃபிஷ், வடக்கு கில்லியாக், தெற்கு கில்லியாக், டெவில் மவுண்டன், நாலு முதல் எட்டு கிலோமீட்டர். பழைய லாவாவையும் படிவுகளையும் குடைந்து 300 மீட்டர்வரை இறங்கியிருக்கின்றன. சிறிய கால்டெரா அளவு, அதாவது எரிமலையே உள்ளே சரிந்து உண்டாகும் பெரும்பள்ளத்தின் அளவு.

சுற்றுவட்டாரத்தில் உறைமண் உருகிப் பள்ளமாகித் தண்ணீர் நின்ற ஏரிகள் எக்கச்சக்கம். மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஏரிதான். ஆனால் அவை பெரும்பாலும் ஆழமற்றவை. மார்கள் ஆழமானவை, சுற்றிலும் சாம்பல் படிவு கொண்டவை.

மார் உருவாவதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அதே அலாஸ்காவில். ஆனால் தெற்கே, அலாஸ்கா தீபகற்பத்தில், பெச்சரோஃப் ஏரிக்குப் பக்கத்தில். 1977 மார்ச் 30 அன்று அதுவரை எரிமலையே இல்லாத ஓர் இடத்தில் தரை வெடித்தது. மூன்று நாளில் மேற்குப் பள்ளம்: 170 மீட்டர் அகலம், 35 மீட்டர் ஆழம். பிறகு வெடிப்பு கிழக்கே நகர்ந்தது. அங்கே 300 மீட்டர் அகலம், 70 மீட்டர் ஆழத்தில் இன்னொன்று. ஏப்ரல் 9-க்குள் எல்லாம் முடிந்தது. பத்து நாளில் இரண்டு மார்கள். உக்கின்ரெக் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே வேலை செய்தது நிலத்தடி நீர், உறைமண் அல்ல. அதனால் டெவில் மவுண்டனுக்கு இதை நேரடிச் சாட்சியாக நிறுத்த முடியாது. பத்து நாள் பள்ளம் 300 மீட்டர் என்று ஒரு அளவுகோல் கிடைத்தது, அதுவே பெரிய லாபம்.

சைபீரியாவில் தரையில் திடீரென்று தோன்றும் பிரம்மாண்ட ஓட்டைகளைக் காட்டும் வீடியோக்கள் வருகின்றனவே. அவையும் எரிமலைதானே?

அந்த வீடியோக்களின் பின்னணி இசையைக் கேட்டால் வேற்றுகிரகவாசிகளும் இருப்பார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

2014 ஜூலையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், போவனென்கோவோ எரிவாயு வயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், ஹெலிகாப்டரில் போனவர்கள் ஒரு வட்டமான ஓட்டையைப் பார்த்தார்கள். இருபது மீட்டருக்கு மேல் அகலம், ஐம்பது மீட்டர் அளவு ஆழம், நேர்ச்சுவர். அடியில் காற்றைச் சோதித்தபோது மீத்தேன் ஏகமாக இருந்தது. அதற்குப் பிறகு யமாலிலும் பக்கத்து கிதான் தீபகற்பத்திலும் இன்னும் பல கண்டுபிடிக்கப்பட்டன. 2017 ஜூனில் செயாகா என்ற ஊருக்கு அருகே வெடித்தபோது கலைமான் மேய்ப்பவர்கள் நெருப்பையும் புகையையும் பார்த்தார்கள். 2020-இல் கண்டுபிடித்த ஒன்றுக்குள் ட்ரோனை இறக்கிப் படமெடுத்தார்கள்.

இவற்றில் மாக்மா கிடையாது. 1,100 டிகிரிச் சரக்கு எதுவும் பக்கத்திலேயே இல்லை. உறைமண்ணுக்குள் வாயு சேர்ந்து, பனிக்கட்டி மிகுந்த மேல்மூடியை மேடாகத் தள்ளி, ஒரு கட்டத்தில் மூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியேறியதால் வந்த ஓட்டைகள். வாயு ஆழத்து வயலிலிருந்து கசிந்ததா, உறைமண்ணிலேயே அடைபட்டிருந்ததா, கரைந்திருந்த வாயுவோடு தண்ணீர் உறைந்து இறுகியதால் அழுத்தம் வந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மாஸ்கோ ஆய்வாளர்கள் சிலர் 2018-இல் இதை ‘பனி எரிமலை’ வகையில் சேர்த்தார்கள். அந்தச் சொல் சனி, வியாழன் கோள்களின் உறைந்த நிலவுகளுக்குப் பயன்படுவது. என்னைக் கேட்டால் எரிமலை என்ற பட்டத்தை இங்கே கொடுக்க மாட்டேன். கொடுத்தால் குழப்பம்தான் மிச்சம்.

உறைமண் இரண்டு கதையிலும் இருக்கிறது, ஆனால் வேலை வேறு. டெவில் மவுண்டனில் அது வெடிப்புக்குத் தண்ணீர் தந்தது. யமாலில் அது மூடியாக இருந்தது. முதல் கதைக்கு மாக்மா வேண்டும், இரண்டாவதற்கு வாயு வேண்டும்.

அதே சைபீரியாவில், மிர்னியில் இருக்கும் ஹெலிகாப்டர் பறக்கக்கூடாத ராட்சதப் பள்ளம்?

மனிதன் தோண்டிய வைரச் சுரங்கம். 525 மீட்டர் ஆழம், 1,200 மீட்டர் அகலம். ஆனால் கேள்வி கேட்டவர் தெரிந்தோ தெரியாமலோ சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அவர்கள் தோண்டியது, வைரத்தைச் சுமந்துவரும் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறை நிரம்பிய ஒரு குழாயை. அதுவும் ஒரு டயட்ரீம்தான். பல கோடி ஆண்டு முன்பு வெடித்த எரிமலையின் வேர்ப்பகுதி. இன்று அது உறைமண்ணில் இருக்கிறது என்பதற்காக, வெடித்தபோதும் உறைமண்ணில் இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டெவில் மவுண்டன் எப்போது வெடித்தது? எப்படித் தெரியும்?

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில். நான்கு மார்களில் இதுதான் இளையது. எப்படித் தெரியும் என்பதில்தான் எனக்குப் பிடித்த பகுதி இருக்கிறது.

அன்றைய கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்வாக இருந்தது. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் பெரிங் பாலம் தரையாகக் கிடந்தது. மாமதங்கள் என்ற உரோமம் அடர்ந்த பழங்கால யானைகள் மேய்ந்த தரை. வெடிப்புச் சாம்பல் அந்தத் தரையில் பள்ளத்தின் சுற்றுவட்டாரத்தை மூடியது. மேலே சாம்பல் கனமாக விழுந்த இடங்களில், கோடையில் இளகும் அடுக்கு இனிமேல் சாம்பலுக்குள்ளேயே நின்றுவிட்டது. பழைய தரை நிரந்தரமாக உறைந்துபோனது. புல், பாசி, வேர், விதை எல்லாம் அன்று இருந்த இடத்திலேயே.

பிற்காலத்தில் ஏரிக்கரைகள் இடிந்து சாம்பல் அடுக்கு வெளியே தெரிந்தபோது ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தரையைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தச் செடிகளில் கார்பன் காலக்கணிப்புச் செய்ததில்தான் வெடித்த காலம் கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், பனியுகத்து நிலம் எப்படி இருந்தது என்ற பழைய சண்டைக்கு நேரடிச் சாட்சி கிடைத்ததுதான். ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தத்தை வைத்து ஒரு தரப்பு ‘அது வெறும் கட்டாந்தரை’ என்றது. மாமத எலும்புகளை வைத்து இன்னொரு தரப்பு ‘செழித்த புல்வெளி’ என்றது. சாம்பலுக்கு அடியில் கிடைத்தது உலர்ந்த, ஆனால் இடைவெளியின்றி மூடிய புல்லும் கோரையும் சிறு பூச்செடிகளும், அடியில் பாசி விரிப்பும். மகரந்தம் காற்றில் எங்கிருந்தோ வந்திருக்கலாம், எலும்பை ஆறு இழுத்து வந்திருக்கலாம். வேரோடு நிற்கும் புல்லிடம் அந்தச் சாக்கு செல்லாது.

உறைமண்ணில் வரும் மாக்மா எல்லாம் வெடித்தே தீருமா?

தீராது. அதே சுவர்ட் தீபகற்பத்தில் லாஸ்ட் ஜிம் என்ற லாவா ஓட்டம் இருக்கிறது. 1,600 ஆண்டுகளுக்கு மேல் வயது. அது வெளியே வந்து உறைமண்ணின் மேலேயே பல கிலோமீட்டர் சாவகாசமாக ஓடி உறைந்தது. லாவா வேகமாகவும் நிறையவும் ஏறினால், விரிசலின் ஓரத்தில் தன் உறைந்த தோலையே பூசிக்கொண்டு ஈரத்தைத் தொடாமல் வெளியேறிவிட முடியும். மேலே பரவிய லாவா அடியிலுள்ள மண்ணை மெதுவாகத்தான் உருக்கும். வெடிக்காது, தரை அங்கங்கே அமுங்கும். வெடிக்க வேண்டுமானால் மாக்மாவும் உடைந்த உறைமண்ணும் கலக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது.

பருவநிலை மாறி உறைமண் உருகுகிறதே. இனி இப்படிப்பட்ட எரிமலைகள் கூடுமா?

கூடாது. மாக்மா பல கிலோமீட்டர் ஆழத்தில் தன் காரணத்துக்காக எழுகிறது. மேலே பத்து மீட்டர் மண் இளகியதை அது பொருட்படுத்தாது. ஐஸ்லாந்தில் பனியுகம் முடிந்து கனத்த பனிப்பாறைகள் உருகியபோது எரிமலைகள் பல மடங்கு அதிகம் சீறியது உண்மை. ஆனால் அங்கே மேலிருந்த எடை குறைந்தது. உறைமண் உருகினால் பெரும்பாலான தண்ணீர் அங்கேயே சேறாகக் கிடக்கும், எடை குறைவது சொற்பம். உறைமண் உருகுவதைப் பற்றிக் கவலைப்பட வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு: மீத்தேன், சரியும் கட்டடங்கள், இடியும் கரைகள். இதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

செவ்வாயில் உறைமண் இருக்கிறதாம். அங்கேயும் மார் இருக்குமா? (பத்தாம் வகுப்பு மாணவி)

உறைமண் நிச்சயம் இருக்கிறது. 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் வடதுருவப் பகுதியில் சில சென்டிமீட்டர் சுரண்டியதுமே வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. நாலைந்து நாளில் அவை காற்றோடு மறைந்துபோயின. பனிக்கட்டி என்பது அப்படித்தான் உறுதியானது. எரிமலைகளும் அங்கே ஏராளம். இரண்டும் சந்தித்ததற்குச் சாட்சியாக விஞ்ஞானிகள் காட்டுவது, அதபாஸ்கா பள்ளத்தாக்கு லாவாவின் மேல் கொத்துக் கொத்தாக நிற்கும் சின்னச் சின்னக் கூம்புகளை. ஐஸ்லாந்தின் மிவாட்ன் ஏரிக்கரையில் லாவா ஈரச் சேற்றின்மேல் ஓடியபோது நீராவி கிழித்து உண்டாக்கிய வேரில்லாக் கூம்புகள் அச்சாக அப்படியே இருக்கும்.

மார் என்று ஒன்றைக் காட்டி அடித்துச் சொல்வது அங்கே கஷ்டம். விண்கல் விழுந்த பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, மேலிருந்து பார்த்தால் இரண்டும் வட்டப் பள்ளம்தான். இறங்கிப்போய் வளையத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நீ பத்தாம் வகுப்பு என்கிறாய், உனக்கு நேரம் இருக்கிறது. போனால் வளையத்தில் பழைய பாறைத் துண்டும் எரிமலைக் கண்ணாடித் துண்டும் கலந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுது.